ராசா மனசும் வாய்க்காத் தண்ணியும்

2025 ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி. எங்க சந்து முக்குல புள்ளையாருக்கு கொழுக்கட்டை படைச்சிட்டு இருக்கறப்பதான் இந்தியச் சரக்கு மேல அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி அமலுக்கு வந்துச்சு. விக்கினம் தீக்கறவரு பண்டிகைலயே விக்கினம், என்னத்தச் சொல்றதுங்க. திருப்பூர்ல எங்களோடது பெரிய பனியன் கம்பெனியெல்லாம் இல்ல, ஓவர்லாக்கு பேட்லாக்கு எல்லாம் சேத்து முப்பது தையல் மெசினு, அதுல பாதி அமெரிக்காவுல நியூஜெர்சில இருக்கற ஒரே பையர, அதாவது சரக்கு வாங்கறவர, நம்பி ஓடுது.

அவரு யூதரு. ஓய்வுநாள் கறாரா பாக்கறவரு, வெள்ளிக்கிழமை அங்க பொழுது எறங்குனா போன ஆஃப் பண்ணிருவாரு, அப்பறம் நமக்கு ஞாயித்துக்கிழமை காலைலதான் ஆளு கெடைப்பாரு. மொத ரெண்டு வருசம் எனக்கு இது செம கடுப்பு.

வரி வந்த வாரம் கொஞ்சம் சூடாவே கேட்டுட்டேன், உங்க ஊருல ஓட்டுப்போட்டு கொண்டாந்த ஆட்சிதான சார், எங்க பொழப்பப் பாருங்கன்னு. அவரு கோவிச்சுக்கல. நான் போட்ட ஆளு ஜெயிச்சாலும் தோத்தாலும் சனிக்கிழமையான்னா ஜெபஆலயத்துல நாட்ட ஆளறவங்களுக்காக வேண்டிக்குவோம்னாரு. பாபிலோனுக்கு சிறைபட்டுப் போன யூதருங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதுன கடுதாசிலயே இருக்குதாம், இப்ப இருக்கற பட்டணத்தோட சமாதானத்துக்காக வேண்டிக்குங்கன்னு. புடிச்சுட்டுப் போனவன் ஊருக்கே! ஆனா அதே ஆளுங்க தெனமும் காலைல சொல்ற 146ஆம் சங்கீதத்துல 'பிரபுக்களை நம்பாதேயுங்கள்'னும் வருது. வேண்டிக்க, நம்பிராத. நம்மூர்ல அப்படியே தலகீழு, நம்மாளு கட்அவுட்டுக்குப் பால ஊத்துவோம், அடுத்த கட்சிக்காரன் ஜெயிச்சா அஞ்சு வருசத்துக்கு சாபம் உடுவோம்.

அப்பறம் ஒரு வசனம் சொன்னாரு, அதுதான் மண்டைக்குள்ள ஒக்காந்துக்கிச்சு. அவங்க வேதத்துல நீதிமொழிகள் 21, மொத வசனம். ராஜாவோட இருதயம் கர்த்தர் கையில நீர்க்கால் மாதிரி, அவரு இஷ்டப்பட்ட பக்கம் திருப்பறாரு. எபிரேயத்துல பல்கே மாயிம், அதாவது வாய்க்காத் தண்ணி. எங்க தோட்டம் கீழ்பவானி பாசனம், எனக்கு இதுக்கு வெளக்கமா வேணும்? சின்ன வயசுல தண்ணி மொறை ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா அப்பா கூட டார்ச்சப் புடிச்சுட்டுப் போவேன், அவரு மடையில நாலு மம்பட்டி மண்ண வெட்டி அக்கட்டால அணைச்சாருன்னா அதுவரைக்கும் எவனுக்கும் அடங்காத மாதிரி ஓடிட்டிருந்த தண்ணி சத்தமில்லாம நம்ம கடலக்காட்டுப் பக்கம் திரும்பும், கால் வெரலுக்கு நடுவுல சில்லுனு ஏறும். யாரு திருப்புனாங்கன்னு தண்ணிக்குத் தெரியவா போகுது.

அதுக்குன்னு ஆண்டவன் பாத்துக்குவான்னு கையக் கட்டிட்டு ஒக்கார்றதும் இல்லீங்க. அவங்க பாஷைல கடவுள் மேல வெக்கற நம்பிக்கைக்கு பித்தகோன்னு பேரு, கூடவே ஹிஷ்தத்லூத்னு ஒண்ணு, நம்ம பங்குக்குப் பண்ற முயற்சி. பாரசீக ராஜாவக் கட்டுன யூதப் பொண்ணு எஸ்தர், தன் சனத்தக் காப்பாத்த மூணு நாளு உபவாசம் இருந்தா, ஆனா அதோட நிக்கல, கூப்புடாமப் போனா தலை போயிரும்னு தெரிஞ்சே ராஜா முன்னாடி போய் நின்னா. அவ கதை சொல்ற எஸ்தர் புஸ்தகத்துல கடவுள் பேரு நேரா ஒரு எடத்துல கூட வராது.

பையரும் சும்மா இல்ல, கூடுதல் வரில பாதிய நான் ஏத்துக்கறேன்னு கணக்குப் போட்டு அனுப்புனாரு, பிரிண்ட்ல ஒரு கலரக் கொறச்சோம், அப்படியும் ஒம்பது மெசின மூடி வெக்க வேண்டியதாப் போச்சு. பேட்லாக் டைலர் ஒருத்தரு, ஒடிசாக்காரரு, பையத் தூக்கிட்டு ஊருக்குக் கெளம்பிட்டாரு. அவருகிட்ட போய் இந்த வசனத்தச் சொல்ல எனக்கு வாய் வரல.

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு, "அது சரி கண்ணு, கடைமடைக்காரனுக்கு எப்பத் தண்ணி வரும்னு அந்த மனுசனக் கேட்டுச் சொல்லு"ன்னாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை கேட்டேன், டெயில் எண்டுன்னு சொல்லி வெளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. ரொம்ப நேரம் சிரிச்சாரு. ரெண்டாயிரம் வருசமா நாங்களும் அதத்தான் கேட்டுட்டு இருக்கறோம்னு உங்கப்பாகிட்ட சொல்லுங்கன்னாரு. அப்பறம், சாம்பிள் எப்ப அனுப்பறீங்கன்னு கேட்டாரு.