வாய், வயிறு, வால்

எங்கள் பள்ளிக்கூட பேண்டு மாஸ்டர் காலமான செய்தி பழைய மாணவர் சங்க வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது இங்கே யார்க்‌ஷயரில் விடியற்காலை. எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர் கையிலிருந்த எட்டணாதான்.

ஸ்டோர் ரூம் திறந்ததும் அந்தக் காசை ஒவ்வொரு பித்தளை ஊதுவாத்தியத்தின் மவுத்பீஸிலும், அதாவது வாய் வைத்து ஊதும் கிண்ணத்திலும், போட்டுப் பார்ப்பாரே! டிராம்போனில் எட்டணா உள்ளே இறங்கும், அந்தக் காலத்து ஒரு ரூபாய் விளிம்பிலேயே நின்றுவிடும். டியூபாவில் அந்த ரூபாயும் தொபுக்கென்று விழும். யூஃபோனியத்துக்கும் டிராம்போனுக்கும் அகலம் ஏறக்குறைய ஒன்றுதான், 25 மில்லிமீட்டர் பக்கம். "வாய் ஒண்ணா இருந்தா ஆச்சா? வயிறு வேற, வால் வேறடா" என்பார். வால் என்றது வாத்தியத்துக்குள் செருகும் முனையை. யூஃபோனியத்தின் கிண்ணம் ஆழமானது, அந்தக் குழைவு அதில்தான். டிராம்போனுக்கு ஆழம் குறைவு, சத்தம் பளிச்சென்று வெட்டும். "நாயனக்காரர் சீவாளியைக் கொத்தா எதுக்குத் தொங்கவிட்டுகினு இருக்காரு, அழகுக்கா?"

1981 விளையாட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு என் யூஃபோனியம் மவுத்பீஸ் வேலூர்க் கோட்டை அகழியில் விழுந்தது. தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே நடந்த லட்சணம். யாரிடமும் மூச்சு விடவில்லை. உதிரியாகக் கிடந்த டிராம்போன் மவுத்பீஸை எடுத்தேன். வால் ஒல்லி, ஆடியது. காகிதம் சுற்றிச் செருகினேன். வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டுமா, வியர்வையில் காகிதம் ஊறிவிட்டது. கொடியேற்றும்போது 'டங்'கென்று விருந்தினர் காலடியில் போய் விழுந்தது. மாஸ்டர் குனிந்து எடுத்து, காகிதத்தைப் பிரித்தார். என் கணக்குப் பரீட்சைத் தாள்.

"பதினேழு" என்று நிதானமாகப் படித்தார். பக்கத்திலேயே மைக்.

அந்த வருஷம் முழுக்க எனக்கு ஜால்ரா. பிற்பாடு ஆபீஸில் அது கைகொடுத்தது என்பது வேறு விஷயம்.

காணாமல் போன மவுத்பீஸுக்கு ஹெட்மாஸ்டர் கணக்குக் கேட்டபோது, "என் கவனக்குறைவு சார்" என்றார் மாஸ்டர். தன் சம்பளத்தில் மீரட்டிலிருந்து புதிது வரவழைத்தார். நான் ஜால்ராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

1988இல் ஊரைவிட்டுக் கிளம்பினேன். மறு வருஷம் வட ஆற்காடு மாவட்டத்தையே பிரித்துவிட்டார்கள். இங்கே ஊர் பிராஸ் பேண்டில் சேர்ந்து, பழைய பெசன் கம்பெனி யூஃபோனியம் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் சின்ன வால், நடு வால், பெரிய வால் என்று விளக்க ஆரம்பித்தார். பெசனுக்கு நடு வால் என்று நானே எடுத்துப் பொருத்தினேன், துளி ஆடவில்லை.

நாலு தடவை ஊருக்கு வந்தேன். நாலு தடவையும் காட்பாடியில் இறங்கி மாமியார் வீடு, கல்யாணம், சி.எம்.சி. ஆஸ்பத்திரி என்றே போய்விட்டது. அவர் வீடு சத்துவாச்சாரியில்தான். அகழி விஷயத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.