கல்லூரி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது

விடுமுறை முடியப்போகிற நேரத்தில் ஓர் உற்சாகம் வரும். புது நோட்டு, புது வகுப்பறை, இந்த வருஷமாவது முதல் நாளிலிருந்தே படித்துவிட வேண்டும் என்ற எண்ணம். அந்த எண்ணம் உண்மையானது. ஆனால் பலருக்கு அது மூன்றாவது வாரத்தைத் தாண்டுவதில்லை. சோம்பல் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பெரும்பாலும் காரணம் வேறு: புது வருஷத்துப் பாடத்தில் நாம் தடுக்கி விழும் கல் போன வருஷத்துப் பாடத்தில் கிடக்கிறது.

ஃபூரியே தொடர் புரியவில்லை என்பவரை உட்கார வைத்துப் பாருங்கள். கை நிற்பது பகுதித் தொகையிடலில். லாப்லாஸ் தலைகீழ் உருமாற்றத்தில் திணறுபவருக்குப் பகுதிப் பின்னங்கள் மறந்திருக்கும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் லிங்க்டு லிஸ்ட் வந்ததும் குழம்புகிறவருக்கு சி மொழியின் பாயிண்டர் அப்போதே சரியாக விளங்கியிருக்காது. பொருளாதார அளவையியலில் தடுமாறுபவரைக் கேட்டால், கருதுகோள் சோதனையை மனப்பாடம் செய்து எழுதியிருப்பார். வகுப்பு தொடங்கிவிட்டால் புதியதைப் பிடிக்கவே நேரம் போதாது. பழைய ஓட்டையை அடைக்க யாரும் நிற்பதில்லை. அதனால்தான் இந்தப் பத்து நாள்.

வரப்போகும் பாடங்களில் எது கடினம் என்று சீனியர்களிடம் கேளுங்கள். அதன் பாடத்திட்டத்தை எடுத்து முதல் யூனிட்டை மட்டும் படியுங்கள். அதற்கு அடிப்படையான பழைய பாடத்தின் பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து ஐந்து கணக்குகளைப் புத்தகம் திறக்காமல் 40 நிமிடத்தில் போட்டுப் பாருங்கள். பேனா நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு வட்டம். தெரியாத கணக்கையும் விட்டுவிடாமல் எதுவரை போக முடிகிறதோ அதுவரை எழுதுங்கள், ஏனென்றால் நமக்கு வேண்டியது அந்த நின்ற வரிதான். ஐந்து கணக்கிலும் சேர்ந்து வட்டங்கள் பத்து இருந்தாலும், உற்றுப் பார்த்தால் மூன்று நான்கு விஷயங்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். தினம் ஒன்றரை மணி நேரம் வைத்தால் பத்து நாளில் 15 மணி நேரம். நான்கு ஓட்டைகளை அடைக்க அது தாராளம்.

அடைக்கும் விதமும் முக்கியம். பழைய நோட்டைத் திரும்ப வாசிப்பது சுகமாக இருக்கும், எல்லாம் தெரிந்த மாதிரியே தோன்றும். அதுதான் ஏமாற்றுகிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆகவே ஒரு விஷயத்தை 20 நிமிடம் படியுங்கள், மூடுங்கள், வெற்றுத் தாளில் எழுதுங்கள், தவறை மட்டும் திருத்துங்கள். இரண்டு நாள் விட்டு அதையே மறுபடி, பிறகு ஐந்து நாள் விட்டு மறுபடி.

இதற்குப் பதிலாக, முழு செமஸ்டர் வீடியோக்களையும் இறக்கி வைத்துக்கொண்டு எல்லாப் பாடத்தையும் முன்கூட்டியே முடிக்கக் கிளம்புவது வேண்டாம். நான்காம் நாள் திட்டம் பின்தங்கும், ஆறாம் நாள் மனசு விட்டுப்போகும். ஆசிரியர் நடத்தும் வரிசையும் குறியீடுகளும் வேறாக இருந்தால் படித்ததும் ஒட்டாது.

மதிப்பெண் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். இதுவரை 40 கிரெடிட் (பாடங்களின் எடை), சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரிப் புள்ளி) 7.2 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த 20 கிரெடிட்டில் அதை 7.5 ஆக்க எவ்வளவு வேண்டும்? 7.5-ஐ 60-ஆல் பெருக்கினால் 450. 7.2-ஐ 40-ஆல் பெருக்கினால் 288. வித்தியாசம் 162-ஐ 20-ஆல் வகுத்தால் 8.1. எட்டக்கூடியதுதான். இதே 7.2-ஐ 120 கிரெடிட் முடித்தவர் 20 கிரெடிட் கொண்ட ஒரே செமஸ்டரில் 7.5 ஆக்க 9.3 எடுக்க வேண்டும். கிரெடிட் கூடக் கூட எண் இறுகிவிடும். இரண்டாம் ஆண்டுக்குள் நுழைகிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: உங்கள் எண் இன்னும் இளகிய நிலையில் இருக்கிறது.

வருகைப்பதிவுக்கும் ஒரு சின்னச் சூத்திரம் உண்டு. உங்கள் கல்லூரி 75 சதவீதம் கேட்டால், இதுவரை நடந்த வகுப்புகளை மூன்றால் பெருக்கி, நீங்கள் வந்தவற்றை நான்கால் பெருக்கிக் கழியுங்கள். நடந்தது 40, வந்தது 26 என்றால் 120-இலிருந்து 104 போக 16. அதாவது இனி 16 வகுப்பு ஒன்றுகூட விடாமல் வந்தால்தான் 75-ஐத் தொடுவீர்கள். விடை எதிர்ம எண்ணாக வந்தால் கவலையில்லை. பாடவாரியாகப் போடுங்கள், மொத்தச் சதவீதம் நன்றாக இருந்து ஒரே பாடத்தில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

தூக்கத்தை மறக்க வேண்டாம். விடுமுறையில் காலை பத்து மணிக்கு எழுந்து பழகிய உடம்பை ஒரே இரவில் ஆறரைக்கு இழுக்க முடியாது. சீக்கிரம் படுப்பதில் தொடங்குகிறவர்கள் விழித்தபடி புரளுவார்கள். எழும் நேரத்தில் தொடங்குங்கள்: தினம் அரை மணி முன்னதாக, ஏழு நாள். எழுந்ததும் கால் மணி நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள், மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். படுக்கும் நேரம் தானாகவே முன்னே வந்துவிடும்.

முதல் வாரத்தில் ஒவ்வோர் ஆசிரியரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்டர்னல் மதிப்பெண் எதற்கு எவ்வளவு, முதல் தேர்வு எந்த வாரம். பதிலை நாட்காட்டியில் குறியுங்கள். ஒரே வாரத்தில் மூன்று தேர்வுகள் விழுந்தால் அதற்கு முந்தைய வாரத்து ரெக்கார்டு வேலையை இன்னும் ஒரு வாரம் முன்னே தள்ளி எழுதி முடியுங்கள்.