வளவு வீட்டு நாட்குறிப்பு

மே 3, வெள்ளி
திண்ணையில் நின்றால் தலைவாசல், வளவு (நடு முற்றமும் சுற்றியுள்ள அறைகளும்), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரிகின்றன. கடைசிக் கதவுக்கு அப்பால் பின்தெரு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் இப்படித் தெருவுக்குத் தெரு நீண்டவை. முகப்பில் ஆண்கள் வரவு செலவு பேசினார்கள். பின்கட்டு பெண்களின் ராஜ்ஜியம். பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் பெல்ஜியம் கண்ணாடியையும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வீட்டின் உயிர் வளவில்தான் இருக்கிறது.

மே 5, ஞாயிறு
வளவில் நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரமான பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை அவனுக்கு. பெண் கொண்டுவந்த சீர்ச் சாமான்கள் அதற்குள் பூட்டியிருக்கும். கோடையில் எல்லாரும் பத்தியில்தான் படுப்போம். சில காலம் கழித்துத் தம்பதியை வேறு வைப்பார்கள்: தனி அடுப்பு, தனிக் கணக்கு. கூரையும் முற்றமும் பொது. எங்கள் நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, அதாவது வரிக்கு ஓர் அலகு. அந்தக் கணக்கைத்தான் கொத்தனார் சுவராக எழுப்பியிருக்கிறார்; குடும்ப வழக்கமும் வீட்டின் அமைப்பும் இவ்வளவு பொருந்தியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மே 8, புதன்
சுவரைத் துடைத்தோம். சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. கைவைத்தால் இன்றும் வழுவழுப்பும் குளிர்ச்சியும். தம்பி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிடலாம் என்றான். கூடவே கூடாது என்றேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும்; மேலே பெயின்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாக உரியும்.

மே 10, வெள்ளி
ஆத்தங்குடிக் கல் (கையால் செய்த வண்ணத் தரையோடு) பதித்த தரையில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தாயிற்று. நிறம் எழுந்து வந்துவிட்டது.

மே 12, ஞாயிறு
பங்காளிகள் கூடினோம், சிலர் போனில். பெரியப்பா மகன் வளவுத் தூண்களை விற்கலாம் என்றார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இப்படிப் பிரித்த வீடுகளின் கதவும் நிலையும் குவிந்து கிடப்பதைப் பார்த்தவன் நான். "அண்ணே, தூண் போனால் பத்தி இறங்கும். பத்தி இறங்கினால் உங்கள் அறையும் இல்லை, என் அறையும் இல்லை" என்றேன்.

1942-இல், எங்கள் ஆட்கள் வட்டிக்கடை நடத்திய பர்மாவுக்குள் ஜப்பான் படை வந்தது. பிறகு அங்கே நிலங்கள் தேசியமயமாயின. இந்த வீடுகளைக் கட்டிய பணத்தின் ஊற்று அதோடு அடைபட்டது. பராமரிப்புச் செலவு அன்றிலிருந்தே பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோயிலுக்குப் புள்ளிவரி கொடுக்கிறோமே, வீட்டுக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்று போட்டால் என்ன? சித்தப்பா உடனே சரி என்றார். அண்ணன் யோசித்துச் சொல்கிறாராம். மழைக்கு முன் மேற்குப் பத்தி ஓடுகளையாவது மாற்றியாகவேண்டும், ஆளுக்குச் சொல்லிவிட்டேன்.