ஒரே கட்டத்தில் அடங்காத கல்லீரல்கள்

கல்லீரலின் கொழுப்பையும் இறுக்கத்தையும் ஊசியில்லாமல் வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்பது, கல்லீரல் பிரிவில் என் வேலை. முதலில் நியூயார்க்கின் பிராங்ஸ், அப்புறம் டெக்சஸில் சான் ஆன்டோனியோ. இரண்டு ஊரிலும் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் படிவத்தில் டிக் விழுந்தது ஒரே கட்டத்தில்தான்: 'ஹிஸ்பானிக்', அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர். ஆனால் பிராங்ஸில் வந்தவர்கள் போர்ட்டோ ரிக்கோ, டொமினிகன் குடும்பங்கள். சான் ஆன்டோனியோவில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர்.

மூன்று மணி நேரம் சாப்பிடாமல் வந்து, மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை அழுத்திப் பத்து முறை அளப்பேன். கொழுப்புக்கு ஒரு எண், கல்லீரலின் இறுக்கத்துக்கு ஒரு எண். ஊர் மாறியதும் கொழுப்பு எண் கூடுதலாக வருவதுபோல் இருந்தது. டாக்டர்கள் அனுப்பி வருபவர்களை மட்டும் பார்த்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்பதால் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் பல இன மக்களின் இதய நோயைத் தொடர்ந்து கவனிக்கும் 'மெசா' ஆய்வில் பங்கேற்ற ஹிஸ்பானிக் மக்களின் சி.டி. ஸ்கேன்களை வைத்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. கொழுப்புக் கல்லீரல் மெக்சிகோ வம்சாவளியினரில் 33 சதவீதம், போர்ட்டோ ரிக்கோவினரில் 18, டொமினிகர்களில் 16. பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோ ஆகிய நான்கு நகரங்களில் 16,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடந்த வேறொரு ஆய்வில், இதே மூன்று பிரிவினருக்கும் சர்க்கரை நோய் ஏறக்குறைய 18 சதவீதம்தான். சர்க்கரை நோய் சமமாக இருக்க, கல்லீரலில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதிலின் ஒரு பகுதி டல்லஸில் கிடைத்தது. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம் கல்லீரலில் கொழுப்பைத் தேக்குகிறது என்று ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் என்ற ஆய்வாளர்களின் குழு 2008இல் கண்டுபிடித்தது. அந்த ஆய்வில், இந்த மரபணுவின் பிரதிகளில் மாறிய வடிவத்தின் பங்கு ஹிஸ்பானிக் மக்களிடம் 49 சதவீதம், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் 23, ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் 17. அமெரிக்கப் பூர்வகுடி வம்சம் கூடுதலாகக் கலந்தவர்களிடம் இந்த மாற்றம் அதிகம். மெக்சிகோவினரில் பலர் அப்படிப்பட்டவர்கள். போர்ட்டோ ரிக்கோ, டொமினிகன் போன்ற கரீபியத் தீவுக்காரர்களிடம் ஆப்பிரிக்க வம்சத்தின் பங்கு அதிகம்.

இதைப் படித்தபின் சான் ஆன்டோனியோவில் சிலர் படும் அவமானத்தை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை, வீட்டில் யாருமே நம்ப மாட்டேன் என்கிறார்கள்" என்று ஓர் அம்மா அழுதார். டோர்ட்டியாவை (மெக்சிகோ ரொட்டி) நிறுத்து, சோடாவை நிறுத்து என்று எல்லோரும் அவரைத் திட்டியிருந்தார்கள். சோடாவைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் பிறப்பிலேயே வந்த ஒன்றுக்கும் சேர்த்து அவர்மேல் பழி போடுவது அநியாயம். மரபணு இருந்தாலும் எடை குறைந்தால் கொழுப்பும் கரையும், 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே நல்ல பலன் தெரியும் என்று சொன்னேன். மகளையும் அழைத்து வரலாமா என்று கேட்டார். மகளுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளுடைய டாக்டரிடம் உடனே சொல்லச் சொன்னேன்.

எங்களையும் சீனர்களையும் பிலிப்பினோக்களையும் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்தில் போடும் நாடு இது. அதனால் இந்த விஷயம் எனக்கு இன்னும் உறைக்கிறது.

இப்போதெல்லாம் தாத்தா பாட்டி எந்த ஊர் என்று கேட்டு, குறிப்பில் எழுதிவிடுகிறேன். அதற்காக டொமினிகன் என்றதும் கல்லீரலை மறந்துவிடலாம் என்றில்லை. 16 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஆறில் ஒருவர். இறுக்கத்தின் எண் ஏறியிருந்தால், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோகிறேன்.