வேகமாக வீசு என்றால் எவ்வளவு வேகம்?

வீடியோ கேம் சோதனைப் பிரிவில் நாங்கள் எழுதும் பிழை அறிக்கை எதுவானாலும் ஒரு பகுதி கட்டாயம்: அந்தப் பிழையை மறுபடி வரவழைக்கும் வழி. வழக்கமான கன்ட்ரோலரில் இது எளிது. ‘சுவரை ஒட்டி நின்று ஏ பட்டனை அழுத்தவும்’ என்று எழுதினால், வேறு ஊரில் இருக்கும் புரோகிராமரும் அதே பிழையைப் பார்த்துவிடுவார். பட்டன் அழுந்தியதா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

கையசைவு விளையாட்டுகள் வந்ததும் அந்த நிம்மதி போயிற்று. ‘ரிமோட்டை வலப்பக்கம் வேகமாக வீசவும்’ என்று எழுதுவேன். எவ்வளவு வேகம்? மணிக்கட்டை மட்டும் சுழற்றுவதா, முழுக் கையையும் வீசுவதா? ‘எங்களுக்கு வரவில்லை’ என்ற ஒற்றை வரியோடு அறிக்கை திரும்பி வரும். பக்கத்து இருக்கை நண்பருக்குக் கை நீளம். அவர் வீசினால் தவறாமல் வரும் பிழை, நான் வீசினால் எட்டிப் பார்க்காது. கடைசியில் அவர் கையையே வீடியோ எடுத்து அனுப்பினோம்.

கருவியின் அமைப்பும் அப்படி. 2006இல் வந்த நின்டெண்டோ வீ என்ற விளையாட்டுக் கருவியின் ரிமோட்டில் இருந்தவை வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் அகச்சிவப்புக் கேமராவும்தான். டிவியருகே வைக்கும் பட்டை எதையும் உணராது. அதில் இருப்பவை அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே. ஜன்னல் வழியே வெயில் அடித்தால் திரையில் குறிமுள் தாவும். ‘முதலில் திரைச்சீலையை மூடவும்’ என்பதும் எங்கள் அறிக்கைகளில் இடம்பெற்றது. சுழற்சியை நேரடியாக அளக்கும் ஜைரோ, 2009இல் மோஷன்பிளஸ் இணைப்போடுதான் வந்தது.

வீ ஸ்போர்ட்ஸ் இந்த எல்லையை அறிந்தே செய்யப்பட்ட விளையாட்டு. டென்னிஸில் வீரர் தாமாகவே ஓடுவார். சரியான நேரத்தில் வீசுவது மட்டுமே நம் பொறுப்பு. கன்ட்ரோலரையே தொட்டறியாத கணக்குப் பிரிவு நண்பர் பௌலிங்கில் எங்களை எளிதாக வென்றார். இந்தக் கருவி 10 கோடிக்கு மேல் விற்றதில் எனக்கு வியப்பில்லை.

எரிச்சல் வந்தது, பட்டனின் வேலையைக் குலுக்கலுக்குக் கொடுத்தபோதுதான். 2010இல் வீக்கு வந்த டாங்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸில் உருள்வதற்கு ரிமோட்டைக் குலுக்க வேண்டும். நான் குலுக்கியதைக் கருவி புரிந்துகொள்வதற்குள் குரங்கு பள்ளத்தில் கிடக்கும். 2013இல் 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்தபோது அதே வேலை பட்டனுக்குப் போனது. கேமரா வழியே உடலசைவைக் கண்டறியும் கினெக்ட் இன்னும் மோசம். கையில் எதுவுமே கிடையாது. மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கையை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த வேண்டும். மாலைக்குள் தோள் வலித்துவிடும்.

வழக்கமான கன்ட்ரோலரும் கையசைவும் பொருந்திப் போனதை நான் கண்டது ஸ்பிளாட்டூன் என்ற சுடும் விளையாட்டில் (2015). பெரிய திருப்பத்துக்குக் கட்டைவிரலால் தள்ளும் குச்சி, நுணுக்கமாகக் குறிவைக்க ஜைரோ. பழகிய பிறகு குச்சியால் மட்டும் குறிவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் நண்பர்கள் பலர் முதல் நாளே ஜைரோவை அணைத்துவிட்டார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அசைவு உள்ள விளையாட்டு சோதனைக்கு வந்தால் நான் முதலில் திறப்பது அமைப்புகள் பக்கத்தைத்தான். அணைக்க வழி இல்லையென்றால் முதல் பிழையாக அதையே பதிவு செய்கிறேன். அதை மறுபடி வரவழைக்க முடியவில்லை என்று இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.