வை-ஃபை ஃபுல்லா காட்டுது, பக்கம் தொறக்க மாட்டேங்குது

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. விண்டோஸ் 7. உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களை அதில்தான் இறக்கி அச்செடுக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, வை-ஃபை ஃபுல்லா காட்டுது, பக்கம் மட்டும் தொறக்க மாட்டேங்குது. லேன் கேபிளைப் புடுங்கினா தொறக்குது. ஆனா பிரிண்ட் வராது.”

மலை மறைப்பதால் வாசிகசாலையில் ஃபோர்ஜி சிக்னல் இல்லை. மேல் லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசிக் காம்பரா (அறை) ஜன்னலில்தான் பிடிக்கும், ரவுட்டர் அங்கே. வை-ஃபை அங்கிருந்து கீழே வர, கணினியில் செருகிய யுஎஸ்பி டொங்கல் (சின்ன வை-ஃபை கருவி) பிடித்துக்கொள்கிறது. பிரிண்டரோ பக்கத்துப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்). தொலைபேசி லைனில் இணையம் எடுக்கும் ஒரு பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர் வழியாக அதற்கு லேன் கேபிள் போகிறது. அந்த ரவுட்டருக்கு வந்த தொலைபேசி லைன் அறுந்து காலமாகிவிட்டது. ஆனாலும் கணினிக்கு ஐபி முகவரியையும் கேட்வேயையும் (வெளியே போகும் வாசலின் முகவரி) அது இன்னும் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது.

கொமாண்ட் புரொம்ப்ட் என்ற கட்டளைத் திரையில், கணினியின் பாதைகளைக் காட்டும் ‘ரூட் பிரிண்ட்’ (route print) அடித்துப் பார்த்தேன். 0.0.0.0 என்று தொடங்கும் வரி, அதாவது இணையத்துக்குப் போகும் பாதை, இரண்டு. கேபிளுக்கு மெட்ரிக் (பாதையின் முன்னுரிமை எண்) 20, வை-ஃபைக்கு 25. எண் குறைந்த பாதையைத்தான் விண்டோஸ் எடுக்கும். அந்த எண்ணை அது இணைப்பின் வேகத்தை வைத்துப் போடுகிறது. அந்தப் பக்கம் உண்மையில் இணையம் இருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் வராது. அதனால் பிள்ளைகள் கேட்ட பக்கமெல்லாம் கேபிள் வழியாகப் போய், செத்த லைனில் முட்டி நின்றது.

இந்த இடத்தில் பலரும் ஒரு அடாப்டரை ‘டிசேபிள்’ செய்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அச்செடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை அதைத் திறந்து மூட வேண்டும். பின்னால் வரிசையில் மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

லேன் அடாப்டரின் ஐபிவி4 அமைப்பில் முகவரியைக் கையால் போட்டேன்: 192.168.1.200, மாஸ்க் (எந்த முகவரிகள் இதே வலையமைப்பில் என்று சொல்லும் எண்) 255.255.255.0. பழைய ரவுட்டர் அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்காது என்று முதலில் உறுதி செய்துகொண்டேன். கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) வெறுமையாகவே விட்டேன். முக்கியமானது அதுதான். இப்போது 192.168.1 இல் தொடங்கும் முகவரிக்கு, அதாவது பிரிண்டருக்குப் போவது மட்டும் கேபிளில் போகும். மிச்சம் எல்லாம் வை-ஃபையில். பிரிண்டருக்கும் நிலையான முகவரி கொடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் ஒருநாள் மாறித் தொலைந்துவிடும்.

டொங்கல் இடையிடையே தூங்கிப்போவதும் இருந்தது. டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்க அணைக்கலாம் என்ற குறியை எடுத்தேன்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. வங்கி வேலை எதையும் அதில் செய்ய வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். வினாத்தாளுக்கு அது போதும்.

கேபிள் வெட்டவெளியில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே போகிறது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி எங்கள் பக்கம் பொல்லாதது. லேன் போர்ட்டைச் சுட்டுவிடும். வானம் இருண்டால் இரண்டு முனைகளையும் கழற்றிவிடுங்கள்.

உங்கள் வாசிகசாலையிலும் இதே தொல்லை இருந்தால் ‘ரூட் பிரிண்ட்’ திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.