ஃபார்மட்டுக்கு முந்தின அரை மணி நேரம்

கம்ப்யூட்டரை ஃபார்மட் அடித்து, அதாவது டிஸ்க்கை அழித்து, புதிதாக ஓஎஸ் (விண்டோஸ் மாதிரியான அடிப்படை மென்பொருள்) போடுவது இப்போதெல்லாம் ஒரு வேலையே இல்லை. நல்ல பென் டிரைவும் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கும் இருந்தால் விண்டோஸ் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும், நாம் டீ குடித்துவிட்டு வரலாம். ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் என்று கடலோரமாகவே அலைந்து கம்ப்யூட்டர் பார்க்கிற எனக்கு நேரம் போவதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். "எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு தம்பி, சியை அழிச்சிருங்க" என்பார்கள். திரையைப் பார்த்தால் வால்பேப்பரே தெரியாத அளவுக்கு டெஸ்க்டாப்பில் ஃபைல் கிடக்கும். டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்று கணக்கு எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வேலைக்கு வருகிறவனுக்குத் தெரிந்தால் போதும்.

ஃபைலையாவது காணோம் என்று உடனே கேட்டுவிடுவார்கள். செட்டிங் அப்படியில்லை. அது ஒன்று இருந்தது என்பதே காணாமல் போன பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். அதனால் ஃபார்மட்டுக்கு முன் எந்த லிஸ்டும் கேட்காமல், வழக்கமாகச் செய்கிற வேலையை என் முன்னால் ஒரு தடவை செய்யச் சொல்கிறேன். பில் போடுங்கள், பிரிண்ட் எடுங்கள், மெயில் அனுப்புங்கள், அவ்வளவுதான். பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொள்வேன். கேட்டால் பத்து சாஃப்ட்வேர் பேர் சொல்லுகிறவர், செய்து காட்டும்போது பதினொன்றாவதாக ஒன்றைத் திறப்பார், அதுதான் அவருடைய முக்கியமான சாஃப்ட்வேராக இருக்கும்.

இங்கே பாதிப் பேர் தடைக்காலத்தில்தான் கூப்பிடுகிறார்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் கம்பெனிகளில் கொஞ்சம் மூச்சு விடலாம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்த பிறகு 11 போடச் சொல்லி வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் ஃபார்மட் அடிக்கச் சொல்லி வருகிற மெஷின்களில் பலவற்றுக்கு ஃபார்மட்டே வேண்டியதில்லை. உப்புக்காற்று ரேம் என்கிற நினைவக அட்டையின் பொன்முலாம் பூசிய விளிம்பில் படிந்துவிடும், சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகும், நீலத்திரை வரும், உடனே வைரஸ் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கழற்றி, பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் லேசாகத் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இது ரொம்ப சகஜம். இன்னொன்று, டிஸ்க்கே சாகிற நிலையில் இருப்பது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற சாஃப்ட்வேரைப் போட்டு, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் அளவுகளைப் பார்த்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் முதல் வேலை காப்பி எடுப்பதுதான். அந்த நேரத்தில் போய் டிஸ்க்கை ஸ்கேன் செய்து ரிப்பேர் பார்க்கிறேன் என்று உட்கார்வது, மூச்சு வாங்குகிறவரை ஓடச் சொல்வது போல.

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் மெனக்கெட வைப்பது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைகள்தான். கீழக்கரையில் ஒரே பத்திரிகையில் தமிழ், அரபி, ஆங்கிலம் மூன்றும் வரும். "காக்கா (அண்ணன்), இதுல எந்தெந்த ஃபாண்ட் யூஸ் பண்றீங்க?" என்று கேட்டால் "எல்லாந்தான் தம்பி" என்று பதில் வரும். உண்மையிலேயே எல்லாம்தான். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் இப்போதைய பொது முறையான யூனிகோடு இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. ஃபாண்ட் போனால் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியுமாக ஏதோ நிற்கும், பழைய டிசைன் ஒன்றையும் திறந்து திருத்த முடியாது. சரி, விண்டோஸுக்குள் இருக்கிற ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுத்தால் ஆயிற்று என்று நினைத்தால் அதுவும் போதாது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, இரண்டு கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுக்கிற ஃபாண்ட் அந்த யூசருக்கு மட்டும் என்று ஏறுகிறது, போய் உட்காரும் இடம் யூசரின் செட்டிங்குகள் கிடக்கிற ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்று ஒளிந்திருக்கிற இன்னொரு ஃபோல்டர். ஆப்டேட்டா சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாது. கடைசியாகத் தேடிப் பிடித்துப் போட்ட நல்ல ஃபாண்டுகள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் கீபோர்டு. என்எச்எம் ரைட்டர் என்கிற தமிழ்த் தட்டச்சு சாஃப்ட்வேரில் அவர் அடிப்பது தமிழ்99 முறையா, பழைய டைப்ரைட்டர் முறையா, எந்தக் கீயை அழுத்தி மொழி மாற்றுகிறார், எல்லாமே அவர் விரலுக்குத் தெரியும், வாயில் கேட்டால் யோசிப்பார். பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறவர் என்றால் ஃபைலைவிட அதை நிறுவுகிற செட்டப்பை முதலில் தேட வேண்டும். 2001இல் வந்த 7தான் அதன் கடைசிப் பதிப்பு, இந்தக் கரையில் இன்னும் அதில் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, சிடி அலமாரியில் எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் அளவுக்குப் போகும்.

லாட்ஜ்களில் பிரச்சினை வேறு மாதிரி. ராமேஸ்வரத்தில் ரூம் புக்கிங் தளங்கள், ஈமெயில், வங்கி என்று எல்லாப் பாஸ்வேர்டையும் குரோம்தான் ஞாபகம் வைத்திருக்கும், ரிசப்ஷனில் இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. குரோமின் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துத் திரும்பப் போட்டால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. அவற்றைப் பூட்டியிருக்கிற சாவி அந்த விண்டோஸ் யூசர் கணக்கோடு கட்டப்பட்டது, புது விண்டோஸில் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் ஆள் வேறு. ஆகவே அழிப்பதற்கு முன்பே கூகுள் கணக்கில் சிங்க் செய்ய வேண்டும், அல்லது பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து எக்ஸ்போர்ட் எடுக்க வேண்டும். எக்ஸ்போர்ட் ஆகிற ஃபைலில் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வேலை முடிந்ததும் ஓனர் கண் முன்னால் அதை அழித்துவிட்டுக் கிளம்புவதுதான் மரியாதை.

மீன் கம்பெனி என்றால் டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும். டாலியின் டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று டாலிக்குள்ளேயே காட்டும், அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. லைசென்ஸையும் முன்கூட்டியே சரண்டர் செய்து, அதாவது இந்த மெஷினிலிருந்து விடுவித்துவிட்டால் பின்னால் தலைவலி இல்லை. பிரிண்டருக்கு டிரைவர் கிடைத்துவிடும், ஆனால் பாதிச் சீட்டில் பில் வருவதற்கென்று யாரோ எப்போதோ அளந்து போட்ட பேப்பர் சைஸ் விண்டோஸுக்குள் இருக்கிறது, அது டிரைவரோடு திரும்பி வராது. அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் ஒரு கட்டு பேப்பர் மிச்சம்.

டிரைவர்களை விண்டோஸிலேயே இருக்கிற டிஸ்ம் என்கிற கருவியின் கட்டளை ஒன்றால் மொத்தமாக ஒரு ஃபோல்டருக்கு ஏற்றுமதி செய்துவிடலாம். புது விண்டோஸில் வைஃபை டிரைவர் இல்லை, அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்கிற கூத்து அதோடு போகும். விங்கெட் என்கிற இன்னொரு விண்டோஸ் கருவியில் எக்ஸ்போர்ட் என்று கொடுத்தால் சாஃப்ட்வேர் பட்டியலும் கிடைக்கிறது. அது நினைவூட்டலுக்கு நல்லது, செட்டிங் ஒன்றையும் எடுத்து வராது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஓடுகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். டி டிரைவும் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாமல் சியை அழித்தால், பத்திரமாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பிய டி கண்ணெதிரே இருக்கும், திறக்காது.

திரும்பப் போடுவதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆப்டேட்டா முழுவதையும் தூக்கிப் புது யூசருக்குள் கொட்டுவது, விண்டோஸின் செட்டிங் கிடங்கான ரெஜிஸ்ட்ரியைப் பழையபடி இம்போர்ட் செய்வது, இரண்டும் நான் செய்வதில்லை. எந்தக் குப்பைக்காக ஃபார்மட் அடித்தோமோ அதுவும் கூடவே வந்துவிடும். ஒரு சாஃப்ட்வேரை முதலில் நிறுவி, ஒரு தடவை திறந்து மூடி, அப்புறம் அதன் செட்டிங்கை மட்டும் வைத்துப் பார்ப்பேன். மெதுவான வேலைதான், "இன்னுமா ஆகுது?" என்று கேட்பார்கள்.

முடிந்தவரை பழைய டிஸ்க்கை அழிக்கவே சொல்வதில்லை. புது எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு அதில் விண்டோஸ் ஏற்றிவிட்டு, பழையதைக் கழற்றி மேலே தேதி எழுதி ஓனரிடம் கொடுத்துவிடுகிறேன். அதே டிஸ்க்கில் ஃபார்மட் செய்யாமல் ஏற்றினாலும் பழையதெல்லாம் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரில் இருக்குமே என்பார்கள், பத்து நாளில் விண்டோஸ் அதைத் தானாக நீக்கிவிடும். நம் வியாபாரங்களில் தினமும் தொடுவது பாதிதான், மீதி மாதம் ஒரு முறை. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் ஜிஎஸ்டிஆர் 1க்கு 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி, டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிற யூஎஸ்பி டோக்கனின் டிரைவர் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். "பழைய டிஸ்க்க யூஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டுப் படம் காப்பி பண்ணிக்கலாமா அண்ணே?" என்று ஆபீஸ் பையன்கள் உடனே கேட்பார்கள். அடுத்த மாதம் 20 தாண்டட்டும், மார்ச் கணக்கு முடிப்பது பக்கத்தில் இருந்தால் அதுவும் தாண்டட்டும், அப்புறம் என்ன வேண்டுமானாலும் காப்பி பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன்.